சாலிட் ஸ்டேட் பேப்பர எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

மக்களே வணக்கம். எம்.எஸ்சி பிசிக்ஸ்ல சாலிட் ஸ்டேட் பேப்பர்னாலே முதல் யூனிட்ல 14 பிராவே லாட்டிஸ் (கிறிஸ்டல்ல அணு அடுக்கியிருக்குற மாதிரிகள்), மில்லர் இண்டிசஸ், அப்புறம் ரெசிப்ரோகல் லாட்டிஸ்னு வரிசையா இறக்குவாங்க, அதுலயே பாதி பேருக்கு மூச்சு வாங்கிடும், எதுக்குப் படிக்கிறோம்னே தெரியாம மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்துடுவாங்க. நான் என்ன சொல்றேன்னா, முதல்ல ஸ்பெசிஃபிக் ஹீட் யூனிட்ட எடுங்க. அஞ்சு மார்க் கேள்விதானேன்னு எல்லாரும் தாண்டிப் போற இடம் அது, ஆனா சண்டையே அங்கதான் நடந்துச்சு.

1819ல டூலாங், பெட்டி ரெண்டு பேரும் சாலிட் எலிமெண்ட் எல்லாத்துக்கும் மோலார் ஹீட் கெப்பாசிட்டி (ஒரு மோல ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஹீட்) கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு சொன்னாங்க, இன்னைக்கு கணக்குல 3ஆர் (ஆர்னா கேஸ் கான்ஸ்டன்ட்), அதாவது ஒரு மோலுக்கு ஒரு கெல்வினுக்கு 25 ஜூல். சரி, வைரத்த எடுத்துப் பாருங்க, ரூம் டெம்பரேச்சர்ல வெறும் 6 தான் வருது! 1907ல ஐன்ஸ்டீன் அணுவோட அதிர்வையே குவாண்டைஸ் பண்ணித்தான் இதுக்கு பதில் சொன்னாரு. 1912ல டிபை வந்து லோ டெம்பரேச்சர்ல ஹீட் கெப்பாசிட்டி டி க்யூப், அதாவது டெம்பரேச்சரோட க்யூப் மாதிரி போகும்னு சரி பண்ணாரு. டெரிவேஷன் உங்க நோட்லயே இருக்கும், விடுங்க.

எனக்குப் பிடிச்சது எலக்ட்ரான் கதைதான். 1900ல ட்ரூட், மெட்டல்ல எலக்ட்ரான் கேஸ் மாதிரி சுத்துதுன்னாரு. அப்படின்னா அதுவும் ஆளுக்கு 3/2 கேடி எனர்ஜி (கேன்னா போல்ட்ஸ்மேன் கான்ஸ்டன்ட், டின்னா டெம்பரேச்சர்) வாங்கணும்ல, மெட்டல்ல அளந்தா அது காணவே காணோம். ஆனா தெர்மல், எலக்ட்ரிகல் கண்டக்டிவிட்டி விகிதம் மட்டும் அவருக்கு ஓரளவு சரியா வந்துச்சு, எப்படின்னா ஹீட் கெப்பாசிட்டிய 100 மடங்கு வாக்குல கூட்டிப் போட்டாரு, ஸ்பீட் ஸ்கொயர அதே 100 மடங்கு வாக்குல குறைச்சுப் போட்டாரு, ரெண்டு தப்பும் அடிச்சுக்கிச்சு (நம்ம எக்ஸாம்ல மட்டும் இப்படி நடக்கவே நடக்காது).

1927 வாக்குல சோமர்ஃபெல்ட் ஃபெர்மி டிராக் ஸ்டாட்டிஸ்டிக்ஸ உள்ள கொண்டு வந்தாரு, அதாவது ஒரு ஸ்டேட்ல ஒரு எலக்ட்ரான்தான் உக்கார முடியும். பிதுங்குற டவுன் பஸ்ஸுல நடுவுல நிக்கிறவன் அசைய முடியாது, படில தொங்குறவன்தான் இறங்கி ஏறுவான், அதேதான் இங்கயும், ஃபெர்மி லெவல் (நிரம்பின ஸ்டேட்களோட உச்சி) பக்கத்துல இருக்குற எலக்ட்ரான் மட்டும்தான் சூட்ட வாங்கும். காப்பருக்கு ஃபெர்மி எனர்ஜி 7 எலக்ட்ரான் வோல்ட், ரூம் டெம்பரேச்சர்ல கேடி 0.025, இத அந்த 7 ஆல வகுத்து பை ஸ்கொயர் பை 3 ஆல பெருக்குங்க, கிளாசிக்கல் மதிப்புல 1 சதவீதம் சொச்சம்தான் வரும். கால்குலேட்டர எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க, நான் போட்டுக் காட்டினா மண்டையில நிக்காது.

இவ்வளவு வந்தும் ஒண்ணு பாக்கி. சிலிக்கான் ஏன் செமிகண்டக்டர், வைரம் ஏன் இன்சுலேட்டர்? ஃப்ரீ எலக்ட்ரான வச்சு அதச் சொல்லவே முடியாது, லாட்டிஸோட பொட்டென்ஷியல உள்ள விட்டே ஆகணும். அது 1928 ப்ளாக் தியரம், அடுத்த வீடியோல பார்ப்போம், அதுக்குள்ள அந்த ரெசிப்ரோகல் லாட்டிஸ ஒரு தடவ புரட்டிட்டு வந்துடுங்க, இனிமேதான் அதுக்கு வேலையே.