மன்னிப்புக்கு யார் விலை கொடுப்பது?

அன்பு உறவுகள் அனைவருக்கும் வணக்கம். சிவாஜி நகரிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் உயர்ந்து நிற்பது தூய மரியன்னை பசிலிக்கா. பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்த இடத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி ஆரோக்கிய அன்னை திருவிழா அன்று இந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. சேலை உடுத்திய மாதாவைப் பார்க்க எல்லா மதத்தவரும் வருவார்கள். தமிழ்த் திருப்பலி இப்போதுதான் முடிந்தது. ரசல் மார்க்கெட் பக்கமிருந்து வரும் இரைச்சலைப் பொருட்படுத்தாதீர்கள்.

இன்றைக்கு மன்னிப்பைப் பற்றிப் பேச வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உள்ளே எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்: "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." பக்கத்தில் ஒரு பாட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஜெபமாலையின் மணியை விரலால் அழுத்தியபடி அந்த வரியைச் சொன்னார். யாரை நினைத்துச் சொன்னாரோ, தெரியவில்லை. சிறு வயதிலேயே மனப்பாடமாகிவிட்ட வரி என்பதால் அதன் கனம் நமக்கு உறைப்பதில்லை. கடவுளிடம் நாமே நமக்கு ஒரு நிபந்தனை விதித்துக்கொள்கிறோம்!

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் அவருடைய சீடர் பேதுரு கேட்கிறார்: என் சகோதரன் எனக்குக் குற்றம் செய்தால் எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா? அதற்குப் பதிலாக இயேசு ஒரு கதை சொல்கிறார். அரசனிடம் பத்தாயிரம் தாலந்து, அதாவது வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் அடைக்க முடியாத தொகை, கடன்பட்ட ஒருவனுக்கு மொத்தக் கடனும் தள்ளுபடியாகிறது. வெளியே வந்த கையோடு, தன்னிடம் நூறு தெனாரியம் வாங்கியிருந்த உடன் பணியாளனின் கழுத்தை அவன் நெரிக்கிறான். மறையுரைகளில் இந்த நூறு தெனாரியத்தை அற்பக் காசு என்று சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நூறு தெனாரியம் என்றால் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. இங்கே மூட்டை தூக்குகிற ஒருவருடைய மூன்று மாதச் சம்பளத்தை யாராவது எடுத்துக்கொண்டு போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? உனக்கு நடந்தது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவே இல்லை. பெரிய இழப்பு என்று தெரிந்துதான் மன்னிக்கச் சொல்கிறார். தள்ளுபடி செய்யப்பட்ட கடன் மாயமாக மறைந்துவிடுவதும் இல்லை. கடன் கொடுத்தவர் அந்த நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறார். நம் விசுவாசத்தின்படி சிலுவையில் நடந்ததும் இதுதான். மனிதர் பட்ட கடனைக் கடவுள் தம் உடலிலேயே ஏற்றுக்கொண்டார்.

இதை நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பம் உண்டு. அருட்சகோதரி ராணி மரியா கேரளத்தின் புல்லுவழியில் பிறந்தவர், பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மத்தியப் பிரதேசத்தின் உதய நகரில், வட்டிக்காரர்களின் பிடியில் இருந்த ஏழை விவசாயக் கூலிகளுடன் நின்றார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போகிற பஸ்ஸில், மற்ற பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஏவப்பட்ட ஓர் இளைஞன் அவரைக் கத்தியால் குத்தினான். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அந்த இளைஞனின் பெயர் சமந்தர் சிங்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2002இல், ராணி மரியாவின் தங்கை செல்மி பால், சமந்தர் சிங்கைப் பார்க்க அவன் இருந்த சிறைக்குப் போனார். அவரும் அதே சபையின் கன்னியர். அக்காவைக் குத்திய கையில் ராக்கி கட்டி, அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். பின்னர் ராணி மரியாவின் தாயும் சிறைக்குச் சென்று அந்தக் கைகளை முத்தமிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! அவனை விடுதலை செய்யும்படி குடும்பமே மனுவில் கையெழுத்திட்டது. 2006இல் வெளியே வந்தான். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டபோது சமந்தர் சிங்கும் அங்கே இருந்தார்.

இடையில் போன அந்த ஏழு ஆண்டுகளை நாம் தாண்டிப் போய்விடக் கூடாது. மறுநாளே மன்னித்துவிடு என்று அந்தத் தாயிடம் யாராவது சொல்லியிருந்தால் அது கொடுமை.

தியாக அன்பு என்றதும் பலருக்கு நினைவு வருபவர் மாக்சிமிலியன் கோல்பே. 1941இல் அவுஷ்விட்ஸ் நாஜி முகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டதாகச் சொல்லி, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பிரான்சிசேக் கயோவ்னிச்செக், மனைவி மக்களை நினைத்துக் கதறினார். போலந்துக் குருவானவரான கோல்பே முன்னே வந்து, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். உயிர் பிழைத்தவர் முகாமிலிருந்து மீண்டு மனைவியிடம் திரும்பினார். ஆனால் அவருடைய மகன்கள் இருவரும் 1945இல் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். அப்படியானால் கோல்பேயின் தியாகம் வீணா? கயோவ்னிச்செக் அப்படி நினைக்கவில்லை. 1982இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டபோது ரோமில் அவர் இருந்தார். 1995இல் தாம் இறக்கும்வரை அந்தக் குருவைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி, எனக்கு மனவேதனை தருகிற ஒன்று. கணவனிடம் அடி வாங்குகிற பெண்களிடம், "மன்னித்துவிடம்மா, இது உனக்குக் கர்த்தர் கொடுத்த சிலுவை" என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கோல்பேயை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. செல்மி பாலை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விலை கொடுப்பவர் தானே முன்வந்து கொடுக்க வேண்டும். இன்னொருவருடைய உயிரை எடுத்து நாம் தியாகம் செய்ய முடியாது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 மே மாதம் தம்மைச் சுட்ட மெஹ்மத் அலி ஆக்ஜாவைச் சில நாள்களிலேயே மன்னித்தார். 1983இல் சிறைக்கே போய் அவருடன் உட்கார்ந்து பேசினார். அதற்காகச் சிறைக் கதவு அன்றே திறந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டு வரை ஆக்ஜா இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பும் தண்டனையும் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

ஆகவே, வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இந்த வீடியோவைப் பார்க்கிற சகோதரிகளே, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் நீங்கள் விசுவாசத்தில் குறைந்துவிட மாட்டீர்கள். மன்னிப்பதற்கு உங்களுக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்; அவசரப்படுத்துகிறவர்களிடம் ராணி மரியாவின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.