கண்மாயில் இறங்கும் நாள்

நேயர்களுக்கு வணக்கம். கோடையில் ஒரு கிராமமே கூடிக் கொண்டாடும் நாளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது மீன்பிடித் திருவிழாதான். மேலூர், நத்தம், சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்நேரம் சேற்று வாசனையே வந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய், அதாவது ஊர் ஏரி, நிறையும். அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகும். அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரை வெயிலில் வற்றி வற்றி முழங்கால் அளவு, மிஞ்சினால் இடுப்பளவு நிற்கும்போதுதான் ஊர்ப்பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். அதுவரை எங்கள் ஊரில் யாரும் தூண்டில்கூடப் போட மாட்டார்கள். இந்தத் திருவிழாவில் எனக்குப் பெரிதாகப் படுவதே இந்தக் காத்திருப்புதான். விரால் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கிவிட்டுப் போவதை, மாதக்கணக்கில் கரையில் நின்று பார்த்துக்கொண்டே போவோம். வேலி கிடையாது. ஊர்க் கட்டுப்பாடு ஒன்றுதான் காவல்.

சரி, அந்த நாளுக்கு வருவோம். விடியுமுன்பே கரை நிறைந்துவிடும். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சேதி போயிருக்கும். மினி லாரியிலும் டூவீலரிலும் வந்து இறங்குவார்கள். எந்த ஊர்க்காரர் வந்தாலும் இறங்கலாம். சாமி கும்பிட்டு முடித்ததும் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், நாலு பக்கமும் ஹோவென்று சத்தம், கண்மாய் கலங்கிப் போகும்.

வலை, கச்சா, தூரி என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். ஒன்றும் இல்லாதவர் பழைய சேலையை விரித்துப் பிடிப்பார். எனக்குப் பிடித்தது ஊத்தா. மூங்கில் குச்சிகளால் கட்டிய அடியில்லாத கூடை அது. கீழே அகலம், மேலே குறுகல். சேற்றில் சதக்கென்று குத்தி ஒரு நொடி நிற்க வேண்டும். உள்ளே மீன் முட்டினால் மூங்கில் வழியாகக் கைக்குத் தெரியும். அப்புறம் மேல்வாயில் கையை விட்டுத் துழாவணும். கெண்டையா, குரவையா, விராலா என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கெளுத்தியாக இருந்தால் துடுப்பு முள் குத்திவிடும். பத்து வயதில் எனக்குக் குத்தியது. வலியில் அழுதேன், ஆனால் மீனை விடவில்லை. கரையில் நின்ற அப்பத்தா முந்தானையை ஏந்தி அதை வாங்கிக்கொண்டு, என் விரலை அழுத்திப் பிடித்தபடியே வீடு வரை வந்தது.

பிடித்த மீனை எங்கள் ஊரில் விற்கக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் புளி கொதிக்கிற வாசனைதான். கண்மாயில் இறங்க ஆளில்லாத வீடுகளும் இருக்குமே, வயசான தனிக்கட்டைகள். அந்த வீட்டு வாசலுக்கும் ஒரு சட்டியில் மீன் போய்விடும். யார் கொடுத்தார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இப்படிப் பிடித்துச் சாப்பிட்டால் அடுத்த வருஷம் நல்ல மழை பெய்யும் என்பார்கள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பல இடங்களில் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து, கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வரத்துக்காலை வெட்டாமல் மீன்பிடித் திருவிழா ஏது? 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டைதான் இன்று நிறையக் கண்மாய்களில் மலிந்திருக்கிறது. விரால் அரிதாகிவிட்டதே என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கலங்கிய தண்ணீரில் செக்கச்செவேலென்று பொடிக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால், அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் அடியிலேயே காவலுக்கு நிற்கும். அந்த இடத்தில் மட்டும் ஊத்தாவைக் குத்தாமல் தள்ளிப் போய்விடுங்கள். எங்கள் அப்பத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

வணக்கம்.