அவுட்சோர்சிங், ஐபிஎல் ஏலம், சங்கம்: ஓர் ஐடி ஊழியனின் பேச்சு

வணக்கம் மக்களே. இன்றைக்கு அவுட்சோர்சிங்கையும், அதாவது ஒரு கம்பெனி தன் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுப்பதையும், கிரிக்கெட்டையும் சேர்த்துப் பேசப் போகிறேன். என்னைப் பொறுத்தவரை இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். எவ்வளவு திறமை இருந்தாலும், தனியாளாக நின்று பேரம் பேசுகிறவனுக்கு அவன் உழைப்புக்கு உரிய பங்கு கிடைப்பதில்லை. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: நான் சென்னை ஓஎம்ஆரில் ஓர் ஐடி சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஓடும், கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய வங்கி பிராஜெக்ட். இங்கே பேசுவது முழுக்க என் சொந்தக் கருத்து.

முதலில் அமெரிக்கச் சேதி. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்துப் போட்டார். 21ஆம் தேதியிலிருந்தே அமல் என்றார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினார்கள். புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்ற விளக்கம் அப்புறம்தான் வந்தது. அதே மாதம் ஒஹையோவைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் பெர்னி மொரேனோ ஒரு மசோதா கொண்டுவந்தார். அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு வேலையை அனுப்பிக் கொடுக்கும் பணத்துக்கு 25 சதவீத வரி போட வேண்டும் என்பது அதன் சாரம்.

நம்மூரில் இதைப் பற்றிப் பேசும்போது பலரும் "அவனுக்கு நம்மைக் கண்டால் பொறாமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வெறுப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வேலை இழந்தவனின் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஒர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் 2014 கடைசியில் சுமார் 250 தொழில்நுட்ப ஊழியர்களிடம் உங்கள் வேலை போகப்போகிறது என்று சொன்னது. போவதற்கு முன்னால், இந்திய அவுட்சோர்சிங் கம்பெனி மூலமாக வந்தவர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்து முடித்தால்தான் செட்டில்மென்ட் பணம். இதை எவன் பொறுத்துக்கொள்வான்? நீங்களோ நானோ பொறுத்துக்கொள்வோமா?

கேடி (KT), அதாவது வேலையைக் கைமாற்றும் பயிற்சி, கொடுக்கிறவரின் முகத்தை நான் திரையில் பார்த்திருக்கிறேன். எங்கள் கிளையண்ட் வங்கியில் நீண்ட காலம் இருந்தவர். மாதக் கடைசியில் மொத்தமாக வட்டி போடத் தானாக ஓடும் பேட்ச் ஜாப் ஒன்றை எங்களுக்குக் கைமாற்ற வேண்டும். அந்த ஜாப் ராத்திரியில் அபெண்ட் ஆனால், அதாவது பாதியில் நின்றுவிட்டால், எந்த ஸ்டெப்பிலிருந்து ரீஸ்டார்ட் செய்யலாம், எந்த ஸ்டெப்பிலிருந்து செய்தால் ஒரே வட்டி இரண்டு தடவை ஏறிவிடும், லீப் வருடத்தில் புரோகிராமில் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. டாக்குமெண்டில் ஒரு வரி கிடையாது. புரோகிராமை ஸ்க்ரோல் செய்து, அதில் அவரே எழுதி வைத்த குறிப்புகளைக் காட்டி, நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசி செஷனில் ரெக்கார்டிங்கை நிறுத்திய பிறகு என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொன்னேன். "ராத்திரி ஷிஃப்டும் சேர்த்து அவ்வளவுதானா? அதிகம் கேள்" என்றார்.

வேலையைப் பறிகொடுத்தவர், அதை வாங்கிக்கொள்கிறவனிடம் சொல்கிற வார்த்தை அது. அவர் வாங்கிய சம்பளத்துக்கும் நான் வாங்குகிற சம்பளத்துக்கும் நடுவில் இருக்கிற பணம் எங்கே போகிறது? ஒரு பகுதி கிளையண்டின் மிச்சம். இன்னொரு பகுதி என் கம்பெனியின் மார்ஜின், அதாவது லாபம். மணிக்கு இத்தனை டாலர் என்று என் வேலைக்குக் கிளையண்டிடம் பில் போடுகிறார்கள். அந்த ரேட் எவ்வளவு என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். அனுபவசாலி நான்கு பேருக்குப் பக்கத்தில் ஃபிரெஷர் பத்துப் பேரை உட்காரவைத்தால் மார்ஜின் ஏறும். அந்த ஃபிரெஷருக்குக் கொடுப்பது வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம். பத்துப் பதினைந்து வருடமாகப் பெரிய கம்பெனிகளில் தொடக்கச் சம்பளம் இந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. வேளச்சேரியில் வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை, ஹோட்டலில் இட்லி விலையும் நிற்கவில்லை.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். அவுட்சோர்சிங்கால் எனக்குக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. 2000 பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பும் என்று பயந்த ஒய்2கே சமயத்தில் கோபால் தெரிந்தவர்களைத் தேடித்தேடி எடுத்தார்கள். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த எத்தனையோ பேர் வீடு கட்டினார்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அந்தச் சோறுதான் நானும் தின்கிறேன். அதனால்தான் அந்தச் சோற்றில் பங்கு எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்கிறேன்.

இப்போது காற்று நம் பக்கமும் திரும்பிவிட்டது. 2025 ஜூலையில் பெரிய ஐடி கம்பெனியான டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. 12 ஆயிரத்துக்கும் மேலான ஆட்கள், பெரும்பாலும் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் இருப்பவர்கள். இஎம்ஐ நடுவழியில் நிற்கிற, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது அது. ஒர்லாண்டோக்காரரின் நாற்காலியில் இன்றைக்கு நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, கிரிக்கெட்டுக்கு வருகிறேன்.

ஐபிஎல் ஏலத்தை எல்லாரும் பார்க்கிறோம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் ரிஷப் பந்தை லக்னோ அணி 27 கோடிக்கு எடுத்தது. அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, ஆட்டக்காரர்களுக்கு என்ன குறை என்று கேட்கிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 முதல் 2027 வரை ஐந்து சீசனுக்கு ஒளிபரப்பு உரிமை போன விலை 48,390 கோடி. சராசரியாக ஒரு சீசனுக்கு 9,678 கோடி. 2025 சீசனுக்கு ஒரு அணியின் ஏலப் பணம் 120 கோடி, பத்து அணிக்கு 1,200 கோடி. ஆட்டத்துக்கு ஏழரை லட்சம் என்ற மேட்ச் ஃபீஸுக்காக அணிக்கு 12 கோடியே 60 லட்சம் தனியாக ஒதுக்கினார்கள். எல்லாம் சேர்த்தால் 1,326 கோடி. ஒளிபரப்புப் பணத்தில் ஏழில் ஒரு பங்குகூட ஆட்டக்காரர்கள் கைக்கு வரவில்லை. ஸ்பான்சர், டிக்கெட் வருமானத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில், விளையாட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. எழுத வைத்தது அவர்களுடைய சங்கம்.

எந்த ஊர் அணி என்று ஏலத்தில் நிற்கும் ஆட்டக்காரரைக் கேட்பதில்லை. எந்தக் கிளையண்டின் வேலை, எந்த ஷிஃப்ட் என்று நம்மையும் கேட்பதில்லை. ஏலத்தில் எடுத்த பிறகு தக்க காரணம் இல்லாமல் வெளிநாட்டு ஆட்டக்காரர் விலகினால் இரண்டு சீசன் தடை. 2025இல் இங்கிலாந்தின் ஹாரி புரூக்குக்கு அதுதான் நடந்தது. விலகியது சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்த விதியைப் போடும் மேசையில் ஆட்டக்காரர் தரப்பில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? வேலையை விட வேண்டுமானால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு 90 நாள் இருக்க வேண்டும், அதாவது 90 நாள் நோட்டீஸ் பீரியட் என்று முடிவு செய்த மேசையில் நம் தரப்பில் யார் இருந்தார்கள்? ஒரு ஆள்கூட இல்லை. வேறு கம்பெனியில் முப்பது நாளில் வந்து சேர் என்பான், இங்கே 90 நாள் இருந்துவிட்டுப் போ என்பான். நடுவில் நல்ல வாய்ப்பு நழுவிப் போனவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள்.

ஐபிஎல்லாவது பரவாயில்லை. என் மனசு முழுக்க, மாநில அணிகள் மோதும் ரஞ்சிப் போட்டியில் ஆடுகிறவர்களிடம்தான் இருக்கிறது. 2021இல் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ சம்பளத்தை ஏற்றியது. 40 ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு ஒரு நாளைக்கு 60 ஆயிரம், 20 ஆட்டம் வரை மட்டும் ஆடியவருக்கு 40 ஆயிரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அணியில் இடம் கிடைத்த நாளுக்கு மட்டும். கொரோனா சமயத்தில் 2020-21 ரஞ்சிப் போட்டியையே ரத்து செய்தார்கள். அந்த சீசனில் ரஞ்சி வருமானம் அப்படியே நின்றது. பாதித் தொகையை இழப்பீடாகக் கொடுப்போம் என்ற அறிவிப்பு வருவதற்கு 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. கோவை, சேலம் பக்கத்திலிருந்து கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு லீக் ஆட வந்து, முப்பது வயது தாண்டியும் இந்திய அணிக்கு அழைப்பு வராமல் நிற்கிறார்களே, அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2017இல் நடந்ததைப் பாருங்கள். எனக்கு அதுதான் கிரிக்கெட்டில் நடந்த மிகப் பெரிய விஷயங்களில் ஒன்று, எந்த ஆஷஸ் வெற்றியைவிடவும். அங்கே 1997 முதல் கிரிக்கெட் வாரியத்தின் வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு முறையிலிருந்து உள்ளூர் ஆட்டக்காரர்களைக் கழற்றிவிட வாரியம் பார்த்தது. நட்சத்திரங்களுக்கு ஒரு குறையும் வராது, நல்ல பணம் தருகிறோம் என்றது. ஸ்டீவ் ஸ்மித்தும் டேவிட் வார்னரும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஜூன் 30ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தது. சுமார் 230 ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் இல்லாமல் நின்றார்கள். ஆஸ்திரேலிய ஏ அணியின் தென்னாப்பிரிக்கப் பயணம் ரத்தானது. ஆகஸ்ட் 3ஆம் தேதி சமரசம் ஆனபோது பங்கு முறை தப்பியது, உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து.

கூடவே நின்று பேசியது ஆஸ்திரேலிய கிரிக்கெட்டர்கள் சங்கம். நம்மிடம் என்ன இருக்கிறது? பிசிசிஐயைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா கமிட்டி 2016இல் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2019இல் இந்திய கிரிக்கெட்டர்கள் சங்கம் வந்தது. ஆனால் அது ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்றைக்கு மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பவருக்கு அதில் இடம் இல்லை. உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியம் இருக்கிற நாட்டில் இந்த நிலை. பெண்கள் அணிக்கு 2022 அக்டோபரில் ஆண்களுக்குச் சமமான மேட்ச் ஃபீஸ் அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனாலும் மேலிருந்து கொடுத்ததை மேலிருப்பவரே நிறுத்தவும் முடியும்.

இப்போது நம் விஷயம். ஐடி ஊழியருக்குச் சங்கம் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தவறு. 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது, ஐடி ஊழியர்கள் தாராளமாகத் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று. அதற்கு முந்தைய வருடம், ஜனவரியில், வேலை நீக்கத்தை எதிர்த்துப் போன ஒரு கர்ப்பிணி ஊழியருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஐடி துறையில் மாதாமாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் என்பதெல்லாம் அதில் வருகிறது.

"பிடிக்கவில்லை என்றால் கம்பெனி மாறிக்கொள், சங்கம் எதற்கு?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். 2021இல் அது நடந்தது. கையில் மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு பேரம் பேசினோம். இப்போது பேசுங்கள் பார்க்கலாம். சந்தை நன்றாக இருக்கும்போது மட்டும் வேலை செய்கிற ஆயுதத்தை நம்பி 20 வருட வீட்டுக் கடன் வாங்க முடியாது. "சங்கம் வந்தால் வேலை பிலிப்பைன்ஸுக்குப் போய்விடும்" என்பது இன்னொரு பயம். சங்கம் இல்லாமலேதானே ஏஐ வந்து நிற்கிறது? அதே சமயம் வெளிநாட்டுக் கம்பெனிகள் இடைத்தரகரை விட்டுவிட்டு இங்கேயே சொந்த மையம் திறக்கின்றன. 2024 கணக்குப்படி இந்தியாவில் ஜிசிசி எனப்படும் இப்படிப்பட்ட சொந்த மையங்கள் 1,700க்கும் மேல் இருக்கின்றன, அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். நம்மூர் ஆள் வேண்டும் என்பதால்தானே வருகிறார்கள். நம் வேலைக்கு மதிப்பு இருக்கிறது.

ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். எச்ஆர் திடீரென்று ரூமுக்குக் கூப்பிட்டு, இன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் ரிலீவிங் லெட்டர் கெட்டுப்போகும் என்று மிரட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால், என்னை நீக்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். மெயிலில் எழுதிக் கேளுங்கள். அப்ரைசல் கடிதங்களை வீட்டில் பிரிண்ட் எடுத்து வைத்திருங்கள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டால் ஒன்றும் கையில் இருக்காது.

ஐபிஎல் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. அடுத்த ஏலத்துக்கு முன்னால் இந்திய அணியின் மூத்த ஆட்டக்காரர்கள் ரஞ்சி ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கமாக வாரியத்தின் முன் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் உட்கார்ந்துவிட்டால், இந்த நாட்டில் சங்கம் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிற எங்கள் ஐடி பிள்ளைகளும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

அடுத்த வீடியோவில் நோட்டீஸ் பீரியட், பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது) பற்றி மட்டும் பேசுகிறேன். உங்கள் ஆஃபர் லெட்டரில் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள், வரி வரியாகப் பார்க்கலாம்.