திரும்பி ஓடுறது யாரு?

(மேலூர் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில், கோடைக்கால முகாம் முடிந்த அன்று பேசியது)

பெரியவங்களே, பெத்தவங்களே, வெயில்ல கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிற என் பிள்ளைகளே, வணக்கம்.

'கைப்பந்துப் பயிற்சி'ன்னு நோட்டீஸ் ஒட்டினோம். முதல் நாளே நாலு பேர் வந்து, "நெட்டு எங்க சார் கட்டப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. வாலிபாலையும் அப்படித்தானே சொல்றோம்! அதனால ஹேண்ட்பால்னே சொல்லிடுறேன். நம்ம பக்கம் கபடிக்கு ஊருக்கு ஊரு டீம் உண்டு. 2025-ல ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டமே மதுரைக்கு வந்துச்சு. நாம மட்டும் எதிரணி தேடி பஸ் ஏறணும்.

ஹேண்ட்பால்னா கையால பந்தை எறிஞ்சு கோல் போடுற ஆட்டம். மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒரு அணிக்கு கோல்கீப்பரோட ஏழு பேர், 30 நிமிஷமா ரெண்டு பாதி. பார்க்கிறவங்க கண்ணு எறியிற கையிலதான் இருக்கும். நான் தோத்த மேட்ச் பெரும்பாலும் காலால தோத்தது.

எப்படின்னு சொல்றேன். கோலுக்கு முன்னாடி இருக்கிற ஆறு மீட்டர் கோட்டுக்கு வெளியே தாவி, காத்துல இருந்தே அடிக்கிறோம். விழுறது எங்க? எதிரி கோலுக்குப் பக்கத்துல. அடிச்சவன்தான் நம்ம கோலுக்கு ரொம்பத் தூரத்துல கிடக்கான். கோல் விழுந்துச்சுன்னு அவன் கையைத் தூக்கிக் குதிக்கிற நேரத்துல அவங்க கீப்பர் பந்தை நடுவுக்கு வீசிடுவான். கோலுக்கு அப்புறம் அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும், விசில் அடிச்சா ஆட்டம் ஓடும். பந்தைப் போடுற அணி தன் பாதியில நிக்கணும், அவ்வளவுதான் விதி. நாம வந்து சேர்ந்தோமான்னு அவங்க பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. ஒரு தடவை கடைசி நிமிஷத்துல சமன் பண்ணிட்டு பெஞ்சைப் பார்த்து நான் கை காட்டினேன். திரும்பிப் பார்த்தா நம்ம வலை ஆடுது!

அதனாலதான் இந்த முகாம்ல உங்களை அவ்வளவு ஓட விட்டேன். நேரா ஓடுறது மட்டும் போதாது. பக்கவாட்டுல, பின்னோக்கி, தாவி இறங்கின உடனே திரும்பி ஓடணும். இந்த இறுகின மண்ணுல முழங்காலை மடக்கி இறங்கலன்னா, நாலு வருஷத்துல முட்டி போயிடும்.

கபடிப் பிள்ளைகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. நெஞ்சைக் கொடுத்து வழி மறிக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ஓடுறவனைப் பின்னாடி இருந்து இழுத்தா, ரெஃப்ரி ரெண்டு விரலைக் காட்டுவாரு. ரெண்டு நிமிஷம் வெளியே. மிச்சம் இருக்கிறவங்க உன் இடத்துக்கும் சேர்த்து ஓடணும். மூணாவது தடவைன்னா அந்த மேட்ச் உனக்கு முடிஞ்சுது. பாதி ஆட்டத்துக்குள்ளேயே அதைச் சாதிச்ச ஒரு தம்பி இங்க சிரிச்சுக்கிட்டு இருக்காரு.

பெரிய அணிங்க அடிக்க ஒருத்தன், தடுக்க ஒருத்தன்னு மாத்தி மாத்தி இறக்கும். எத்தனை தடவை வேணாலும் மாத்தலாம், ரெஃப்ரிகிட்ட கேட்க வேண்டியதில்ல. வெளியே போறவன் முதல்ல போகணும், அப்புறந்தான் அடுத்தவன் வரணும். அந்த ரெண்டு அடி இடைவெளியில எதிரி பாய்ஞ்சிடுவான். நம்ம பெஞ்சுல உட்கார ரெண்டே பேரு. அதனால நமக்கு ரெண்டும் தெரிஞ்சவன்தான் வேணும்.

களைச்ச அணி பந்தைச் சும்மா கைமாத்திக்கிட்டே இருக்கும். ரெஃப்ரி எச்சரிக்கையா கையைத் தூக்கிட்டா நாலே பாஸ், அதுக்குள்ள அடிக்கணும். மூச்சு வாங்கறவனுக்கு அந்த நாலை எண்ணவே வராது.

டீ குடிச்சாச்சா? வாங்க, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு. அந்தக் கோலுல அடிச்சிட்டு இந்தக் கோட்டுக்கு ஓடி வரணும். கடைசியா வர்றவன் பந்து மூட்டையை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கணும்.