எந்த சர்வரில் இருக்கிறீர்கள்?

வணக்கம். தூரத்திலிருக்கும் சர்வர்களை எஸ்எஸ்ஹெச், அதாவது இங்கிருந்தே அங்கே கட்டளை தட்ட உதவும் இணைப்பு, வழியாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு, மற்றவர்களும் கேட்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினல் நாலு திறந்திருக்கும், நாலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சொந்த லேப்டாப்பை அணைப்பதாக நினைத்து ஷட்டவுன் என்று தட்டி என்டரை அழுத்துவீர்கள், எங்கேயோ இருக்கிற சர்வர் சமர்த்தாகப் படுத்துவிடும்.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது இதைவிடப் பெரிது. அங்கே இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள், ஒன்று முதன்மை, மற்றது அதன் நகல். நகலில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற நினைத்த பொறியாளர், அழிக்கும் கட்டளையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். சுமார் 6 மணி நேரத்து டேட்டா போயே போய்விட்டது. நடந்ததை மறைக்காமல் வெளியிட்டார்கள், அது பெரிய விஷயம். இனி செய்யவேண்டியவை என்று போட்ட பட்டியலில், எந்த சர்வர் என்பது ப்ராம்ப்டிலேயே, அதாவது கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால் வரும் எழுத்துகளிலேயே, பளிச்சென்று தெரியவேண்டும் என்பதும் இருந்தது.

சரி, உங்கள் ப்ராம்ப்டைப் பாருங்கள். டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்குகிற பாஷ் நிரலின் அமைப்பில் பெரும்பாலும் பேக்ஸ்லாஷ் போட்டு சின்ன ஹெச் இருக்கும். அது முதல் புள்ளி வரைதான் பெயரைக் காட்டும், ஆக சோதனைக்கான டெஸ்டில் இருக்கும் டிபி1 என்ற சர்வர், நிஜப் பயன்பாட்டுக்கான ப்ரொடக்‌ஷனில் இருக்கும் டிபி1, இரண்டுமே திரையில் வெறும் டிபி1. பெரிய ஹெச்சாக மாற்றுங்கள், சர்வருக்கு முழுப் பெயர் வைத்திருந்தால் முழுசாக வரும். ப்ரொடக்‌ஷனுக்குச் சிவப்பு நிறமும் கொடுங்கள்.

“நிச்சயமா?” என்று கேட்கிற கேள்வியில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை, படிக்கும் முன்பே விரல் ஒய் தட்டிவிடுகிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் கிடைக்கிற மோலி-கார்டு என்ற காவல் நிரல் அப்படிக் கேட்பதில்லை. எஸ்எஸ்ஹெச்சில் வந்து ரீபூட் கொடுத்தால், இந்த சர்வரின் பெயரைத் தட்டு என்கிறது. நீங்கள் மனதில் நினைத்திருக்கும் பெயரைத் தட்டுவீர்கள், அது பொருந்தாவிட்டால் ரீபூட் நடக்காது. ஆனால் ஃபைலை அழிக்கிற கட்டளையை அது கண்டுகொள்ளாது, அதற்கு நீங்களேதான் முதலில் ஹோஸ்ட்நேம் என்று தட்டிப் பார்க்கவேண்டும். அப்புறம், ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை வைத்துக்கொள்ள உதவும் ஸ்க்ரீன், டீமக்ஸ் போன்ற நிரல்களின் உள்ளே இருந்தால் எஸ்எஸ்ஹெச்சில் வந்திருக்கிறீர்கள் என்பது மோலி-கார்டுக்குச் சில சமயம் தெரியாமல் போகலாம், எப்போதும் பெயர் கேள் என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது, நிறுவிய கையோடு அதை இயக்கிவிடுங்கள்.