வேடந்தாங்கலுக்கு எப்போது போகலாம்? மாசி, பங்குனியில்!

(காட்சி: ஏரிக்குள் நிற்கும் மரங்கள். கிளை தெரியாத அளவுக்குக் கூடுகள். குஞ்சுகளின் கூச்சல்.)

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் என்றாலே பொங்கல் லீவில் போகிற இடம் என்றுதான் பலருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. காணும் பொங்கலன்று கரையில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. என்னைக் கேட்டால், மாசிக் கடைசியில் போங்கள், பங்குனிப் பிறப்பு வரைக்கும்கூடப் பார்க்கலாம். கூட்டம் குறைவு. தை மாதத்தில் முட்டையாக இருந்ததில் பாதி, இப்போது வாயைப் பிளந்துகொண்டு சாப்பாடு கேட்கும்.

(காட்சி: கரையிலிருந்து ஏரி முழுவதும்.)

ஏரி பெரிதில்லை, சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பியதும், உள்ளே இருக்கும் நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். பூனை, கீரி எதுவும் சுலபமாகக் கூட்டுக்கு வர முடியாது. பறவைகளுக்கு வேண்டியது அந்தப் பாதுகாப்புதான். இரைக்கு அவை சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து போகின்றன. அதனால் காலையிலும் மாலையிலும்தான் போக்குவரத்து அதிகம். நடுப்பகலில் போய்விட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லக் கூடாது.

(காட்சி: மஞ்சள்மூக்கு நாரைக் கூடு, நெருக்கமாக.)

இந்தப் பருவத்தில் முதலில் பார்க்க வேண்டியது மஞ்சள்மூக்கு நாரை. பெரிய நாரைகளுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்ளும். கரைவரை கேட்கிற கூச்சலில் பெரும்பங்கு குஞ்சுகளுடையது. தாயோ தகப்பனோ வந்து இறங்கி, தொண்டையில் வைத்திருக்கும் மீனைக் கூட்டிலேயே கக்கும். குஞ்சுகள் அடித்துப் பிடித்துப் பொறுக்கும். முதுகில் இருக்கும் அந்த ரோஜா நிறம் குஞ்சுக்கு வர இன்னும் சில வருஷம் ஆகும். இப்போதைக்கு அழுக்குச் சாம்பல்தான்.

ஒரு குஞ்சு கூட்டில் அப்படியே கவிழ்ந்து அசையாமல் கிடந்தால் பதற வேண்டாம். ஆபத்து என்று தோன்றினால் தின்றதைக் கக்கிவிட்டுச் செத்ததுபோலப் படுத்துக்கொள்வது அதன் வித்தை.

(காட்சி: நத்தைக்குத்தி நாரையின் அலகு.)

அடுத்தது நத்தைக்குத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டி மாதிரி. ஆனால் குஞ்சின் அலகில் அது இருக்காது. வளர வளரத்தான் வரும். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே கூட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெயில் ஏறினால் பெரிய நாரை இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பதும் தெரியும்.

(காட்சி: கூழைக்கடா.)

அப்புறம் கூழைக்கடா. தாயின் அலகுப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுக்கும் குஞ்சைப் பார்த்தால், விழுங்கப்படுகிறது என்றே தோன்றும். இதை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பறவை என்று கரையில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். புள்ளிமூக்குக் கூழைக்கடா நம் நாட்டுப் பறவை. நாரைகளும் அப்படியே. வெளிநாட்டு விருந்தாளிகள் என்றால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலம் முடிய வடக்கே கிளம்பிவிடும்.

(காட்சி: ஏரியை ஒட்டிய நெல் வயல்.)

ஊருக்கு இதில் என்ன? எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். அதைத் தெரிந்துதான் ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது 2022-ல்தான்.

(காட்சி: நெடுஞ்சாலை, படாளம் திருப்பம்.)

சென்னையிலிருந்து வருபவர்கள் செங்கல்பட்டு தாண்டி, படாளத்தில் திரும்ப வேண்டும். நேரம் இருந்தால் பக்கத்திலேயே கரிக்கிலி ஏரியும் உண்டு. ஆனால் கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மழை குறைந்த வருஷத்தில் பறவைகள் பங்குனிவரை காத்திருக்காது.