மூன்றோடு நிறுத்தியிருந்தால்?

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணைக்கும் அக்காவுக்கும், என் அணித் தோழர்களுக்கும், வானம் இருட்டியும் கதிரையை விட்டு எழும்பாத உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நல்லூர்ப் பக்கம் நான் கேட்ட பட்டிமன்றங்களில் கண்ணகியா மாதவியா, கர்ணனா கும்பகர்ணனா என்றுதான் அடிபட்டிருக்கிறார்கள். இந்தமுறை தலைப்பைத் தெரிவு செய்யும் வேலையைச் சனசமூக நிலையத்துப் பெடியளிடம் கொடுத்துவிட்டார்கள். அதன் விளைவு: 'டெக்கன் விளையாட்டுக்கு எட்டாம் பாகம் வந்தது வளர்ச்சியா, வெறும் வியாபாரமா?' வளர்ச்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

முன்வரிசைப் பெரியவர்கள் "என்ன கோதாரியடா இது" என்று பார்ப்பது தெரிகிறது. ஒரு நிமிடம் தாருங்கள். டெக்கன் என்பது ஜப்பானின் நம்கோ நிறுவனம் 1994இல் கொண்டுவந்த சண்டை விளையாட்டு. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். நாலு பொத்தான்: இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். கதை என்று கேட்டால், ஹெய்ஹாச்சி என்ற தகப்பன் ஐந்து வயது மகன் கசுயாவை மலை விளிம்பிலிருந்து தூக்கி எறிகிறார். மகன் வளர்ந்து வந்து தகப்பனை அதே இடத்திலிருந்து எறிகிறான். தகப்பன் ஏறி வந்து மகனை எரிமலைக்குள் போடுகிறார். பிறகு பேரன் ஜின் வருகிறான். தாத்தா அவனுக்குச் சண்டை பழக்கிவிட்டு அவனையே சுடுகிறார். எங்கள் ஊர் வேலிச் சண்டை மாதிரித்தான். மூன்று தலைமுறை போய்விட்டது, எல்லைக்கல்லை மட்டும் இன்னும் காணவில்லை.

சரி, இனி வழக்குக்கு வருவோம்.

எதிரணித் தலைவர் அண்ணை கண்ணீர் வராத குறையாகக் கதைத்தார். மூன்றாம் பாகம் ஒரே சீடியில் முழுமையாக வந்ததாம். விளையாட விளையாட ஒவ்வொரு ஆளாகத் திறந்ததாம். இப்போது எட்டாம் பாகத்தில் எடி என்ற வீரனைத் தனியாகக் காசுக்கு விற்கிறார்களாம். செத்துப்போன ஹெய்ஹாச்சியையும் எழுப்பிக் கொண்டுவந்து விற்கிறார்களாம். அக்கா இன்னொன்று சொன்னார்: 'ஹீட்' என்று ஒன்றைப் புகுத்தி, அடிப்பவனுக்கே எல்லாச் சலுகையும் கொடுத்து, பொறுமையாகத் தடுத்து விளையாடுகிறவனை மடையனாக்கிவிட்டார்கள் என்று.

காசு விசயத்தில் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. டெக்கன் 8 வெளிவந்தது 2024 ஜனவரி 26இல். விமர்சகர்கள் எல்லாரும் எழுதி முடித்தபின் பெப்ரவரியில் உள்ளே ஓர் உடுப்புக்கடையைத் திறந்தார்கள். ஏப்ரலில் எடி, ஒக்டோபரில் ஹெய்ஹாச்சி, இரண்டும் காசுக்கு. இதற்கெல்லாம் வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. எடியை விற்றது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். சண்டையே தெரியாமல் இரண்டு கால் பொத்தானையும் மாறிமாறி அமத்தினால் வெல்லலாம் என்பதற்காக ஊரில் "எடி எடுக்கக்கூடாது" என்று சட்டம் போட்டு விளையாடியவர்கள் நாங்கள்.

ஆனால் அண்ணை, அந்தப் பொன்னான மூன்றாம் பாகத்துச் சீடியை நீங்கள் எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள்? இந்த மண்டபத்தில் அசல் சீடி வாங்கியவர் யாராவது இருந்தால் கை உயர்த்துங்கள் பார்ப்போம். நடுவர் ஐயா, குறித்துக்கொள்ளுங்கள், ஒரு கையும் இல்லை. என் கையும் கீழேதான் இருக்கிறது. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நாங்கள் அதைத் தானமாகக்கூட வாங்கவில்லை, அவிழ்த்துக்கொண்டு வந்தோம். அந்த மாட்டை வைத்துக்கொண்டு "அந்தக் காலத்தில் வியாபாரமே இல்லை" என்று சாட்சி சொல்ல வரலாமா?

வியாபாரம் எட்டில் தொடங்கவில்லை. முதல் பாகமும் மூன்றாம் பாகமும் முதலில் வந்தது நாணயம் விழுங்கும் பெட்டிகளில். தோற்றால் அடுத்த நாணயம். அதாவது, உங்கள் தோல்வியே அவர்களுக்கு வருமானம். காசு வாங்குகிறார்கள் என்பது குற்றமென்றால் அது ஒன்றாம் பாகத்திலேயே செய்த குற்றம். நமக்கு முன்னால் இருக்கும் கேள்வி வேறு: புதிய பாகம் விளையாட்டுக்கு எதைக் கொடுத்தது?

அண்ணை போற்றும் மூன்றையே எடுப்போம். அது வானத்திலிருந்து விழுந்ததா? இரண்டுக்கு அடுத்து வந்த பாகம்தானே! 1997இல் அதைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் இரண்டு பாகத்துக்கும் முதுகெலும்பாக நின்ற கசுயாவைத் தூக்கி வெளியே போட்டார்கள். கதையைப் பத்தொன்பது வருடம் முன்னே தள்ளினார்கள். ஜின், ஹ்வோராங், சியாவோயூ, எடி என்று ஒருவருக்கும் தெரியாத முகங்களை நடுவில் நிறுத்தினார்கள். ஆகாயத்தில் மிதப்பதுபோல் இருந்த பழைய பாய்ச்சலைக் குறைத்து, பக்கவாட்டில் விலகி அடியைத் தவிர்க்கும் வசதியை எல்லாருக்கும் கொடுத்தார்கள். அந்தப் பக்கவாட்டு விலகல் இல்லாமல் இன்றைக்கு டெக்கனே இல்லை. அண்ணை அன்றைக்கு ஜப்பானில் இருந்திருந்தால், "இரண்டாம் பாகத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று இதே கண்ணீரோடு மேடை ஏறியிருப்பார்.

இனி அக்காவின் வாதம். ஹீட். ஒரு சுற்றில் சில வினாடிகளுக்கு வீரன் சூடேறி, தடுத்தாலும் எதிராளிக்கு உயிர் கொஞ்சம் குறையும்படி அடிக்கிறான். இது தாக்குகிறவன் பக்கம் சாய்கிறது என்பது சரிதான். 2025 ஏப்ரலில் இரண்டாம் பருவம் என்று ஒரு திருத்தம் வந்தபோது அந்தச் சாய்வு இன்னும் மோசமாகி, உலகம் முழுக்க விளையாட்டுக்காரர் கொதித்தார்கள். விளையாட்டு விற்கும் ஸ்டீம் இணையத் தளத்தில் எதிர்மறை விமர்சனம் மலையாகக் குவிந்தது. அடுத்து என்ன நடந்தது என்பதை அக்கா சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த மாதத்திலேயே அவசரத் திருத்தம் ஒன்று வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, சண்டை இன்னும் ஓயவில்லை. இதை 2001இல் வந்த நாலாம் பாகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரையை மேடு பள்ளமாக்கினார்கள், பலருக்குப் பிடிக்கவில்லை. 2004இல் ஐந்தாம் பாகம் வரும்வரை அந்தப் பள்ளத்திலேயே நின்று அடிபட வேண்டியிருந்தது. ஐந்தில் தரையைச் சமமாக்கினார்கள். ஆனால் அதே நாலாம் பாகம் கொண்டுவந்த சுவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்குச் சுவரில்லாமல் ஒரு நல்ல டெக்கன் போட்டியை நினைத்துப் பார்க்க முடியுமா?

ஒரு பாகம் வெளிவந்த உடனே அதற்குத் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு சாட்சி தருகிறேன். கப்கொம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர். 1991இல் வந்த இரண்டாம் பாகம் உலகத்தையே ஆட்டியது. 1997இல் மூன்றாம் பாகம் வந்தபோது பழைய ஆட்களில் ரியூவும் கென்னும் மட்டும்தான் மிச்சம். சனம் முகத்தைச் சுழித்தது. அந்த மூன்றாம் பாகத்தில் புதிதாக ஒரு வித்தை இருந்தது: அடி வந்து விழும் அந்தக் கணத்தில் பின்வாங்காமல் முன்னே தட்டினால் உயிர் குறையாமல் அடியைத் தட்டிவிடலாம். ஒரு இமை பிந்தினால் அடி முழுசாக விழும். அதன் திருத்திய பதிப்பு 1999இல் வந்தது. 2004இல் கலிபோர்னியாவில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான பெரிய போட்டியான ஈவோவில் ஜப்பானின் டைகோ உமெஹாரா கென்னோடு நிற்கிறார். உயிர்க்கோட்டில் நூலளவுதான் மிச்சம், தடுத்தாலே செத்துவிடுவார். எதிரே அமெரிக்காவின் ஜஸ்டின் வோங், சுன்-லீயின் பெரிய உதைத் தொடரை அவிழ்த்துவிடுகிறார். டைகோ அந்த உதைகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் முன்னே தட்டித் தட்டியே விலக்கி, திருப்பி அடித்து வெல்கிறார். மண்டபம் எழுந்து கத்துகிற அந்தக் காணொளியைப் பார்க்காத சண்டை விளையாட்டுக்காரன் இல்லை. அக்கா, இரண்டாம் பாகத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தருணத்துக்கு இடமே இருந்திருக்காது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். புதிய பாகம் ஒன்று வரும்போது எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள். முன்னால் நிற்பவனுக்கு இது எரிச்சல். பின்னால் நிற்பவனுக்கு இதுதான் வாசல். நாங்கள் யாழ்ப்பாணத்தார், எப்போதும் பின்னால் நின்றவர்கள்.

யோசித்துப் பாருங்கள். 1998இல் மூன்றாம் பாகம் பிளேஸ்டேசனுக்கு வந்தபோது இங்கே ஒழுங்கான மின்சாரமே கிடையாது. 2002இல் தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய பிறகுதான் எங்களில் பலர் மூன்றைத் தொட்டோம். அப்போது ஜப்பானில் நாலாம் பாகமே வந்துவிட்டது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது. ஆறாம் பாகம் வீட்டுக்கு வந்த 2009இல் இங்கே என்ன நிலை என்று நான் சொல்லத் தேவையில்லை. பாதை மூடினால் எங்கள் டெக்கனும் நின்றுவிடும், அப்படித்தான் இருந்தது. அதுமட்டுமல்ல, அந்தப் பாகங்கள் எல்லாம் முதலில் ஜப்பானியக் கடைப் பெட்டிகளில் ஓடி, பல மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தன. ஏழாம் பாகம்கூட 2015இல் அங்கே வந்து, 2017இல்தான் மற்றவர்கள் வீட்டுக்கு வந்தது. டெக்கன் 8 அந்தப் பெட்டிகளுக்குப் போகவே இல்லை. டோக்கியோக்காரனும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்காரனும் ஒரே நாளில் திறந்தார்கள். திருநெல்வேலிக்காரனுக்கு நூறு ஜீபி இறங்க இன்னும் இரண்டு நாள் பிடித்திருக்கும், அது வேறு கதை. இதற்குத் தேவையான பிளேஸ்டேசன் 5 இலட்சக் கணக்கில் விலை என்று அண்ணை இடையில் முணுமுணுத்தார். உண்மைதான். ஆனால் பணம் சேர்த்தால் இதை வாங்கலாம். ஜப்பானியன் நமக்கு முன்னே பழகிய இரண்டு வருடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இது வெறும் ஆசைக் கதை இல்லை. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் 2019 பெப்ரவரியில், விசா, விமானம் என்று அலைக்கழிந்து ஜப்பானுக்குப் போனார். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நமக்கு அந்த அலைச்சலை விளக்க வேண்டியதில்லை. போய், ஈவோ ஜப்பான் போட்டியில் டெக்கன் 7இல் வென்றார். அதே வருடம் லாஸ் வேகாஸில் கொரியாவின் பெருந்தலையான 'நீ' (Knee) என்ற வீரரைத் தோற்கடித்து அங்கேயும் வென்றார். 2024இல் எட்டாம் பாகம் வந்தது, அதிலும் அவரே. ஏழு வீட்டுக்கு வந்து இரண்டே வருடத்தில் யாரும் கணக்கில் எடுக்காத நாடு உலகத்தின் தலையில் ஏறியது. பழைய பாகத்திலேயே உலகம் நின்றிருந்தால், அதை இருபது வருடமாகப் பெட்டியின் முன்னால் நின்று பழகியவனுக்கு முன்னால் லாகூர்ப் பெடியன் எப்போது போய்ச் சேர்வது?

எதிரணித் தலைவர் அண்ணைக்கு மூன்றாம் பாகம் ஏன் இவ்வளவு இனிக்கிறது என்ற இரகசியத்தையும் உடைத்துவிடுகிறேன். அண்ணையும் நானும் ஒரே கடையில் விளையாடியவர்கள். தோற்றவன் எழும்ப வேண்டும், வென்றவன் இருக்கலாம், இதுதான் கடைச் சட்டம். அண்ணை எழும்பியதை யாரும் கண்டதில்லை. மூன்றாம் பாகத்தில் போல் என்ற வீரனைப் பிடித்தால் அவருக்கு எந்த நேரம் எந்தக் கை என்று மனப்பாடம். நாங்கள் மணித்தியாலக் காசு கட்டி அவருடைய கைவேகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். பிறகு ஒருநாள் ஐந்தாம் பாகம் வந்தது. அந்தக் கிழமை முழுக்க, ஒன்பதாம் வகுப்புப் பெடியளிடம் அடி வாங்கி அண்ணை எழும்பி எழும்பி நின்றார். அப்புறம் பழகி மீண்டும் வென்றார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு கிழமைதான் எங்களுக்கும் கதிரை கிடைத்த கிழமை. அதனால்தான் அண்ணைக்கு மூன்று பிடிக்கிறது, எனக்கு அடுத்தது பிடிக்கிறது.

எட்டில் இன்னும் ஒரு படி. ஒரு பொத்தானைத் தட்டினால் கடினமான அடிகளை எளிதாக்கித் தரும் முறை ஒன்று இருக்கிறது. நேற்றுத் தொட்டவனும் ஒரு சுற்று மானத்தோடு விளையாடலாம். தேர்ந்தவனிடம் அவன் கடைசியில் தோற்பான், தோற்கட்டும், கொன்ட்ரோலரை வீசிவிட்டுப் போகமாட்டான். இணையத்தில் ஆடும்போது எதிராளியின் அடுத்த அசைவைக் கணித்து ஓட்டிவிட்டு, கணிப்புப் பிழைத்தால் பின்னுக்குப் போய்த் திருத்திக்கொள்ளும் நுட்பமும் முன்னையைவிட மேம்பட்டிருக்கிறது. இதனால் கொழும்பில், சென்னையில் உள்ளவனோடு வடிவாக விளையாடலாம். கனடா மச்சானோடு? அதற்கு மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். டெக்கனில் வேகமான குத்து விழ ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குதான். செய்தி ரொறன்ரோவுக்குப் போய்த் திரும்பி வர அதைவிடக் கூட நேரம் எடுக்கும். அவர் தோற்றால் இணையத்தில் பழி, வென்றால் அவருடைய திறமை.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார், முடிக்கிறேன். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. தொடரை எந்தப் பாகத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்? இலக்கத்தைச் சொல்லட்டும். இரண்டு என்றால் அண்ணையின் மூன்று போகிறது. மூன்று என்றால் சுவர் போகிறது, ஐந்து போகிறது, லாகூர்ப் பெடியன் ஏறிய ஏழும் போகிறது. ஏழு என்றால், இந்த எட்டைப் பிடித்துக்கொண்டு இன்றைக்குக் கடைக்கு வந்து நிற்கும் பதினைந்து வயதுப் பெடியனுக்கு என்ன பதில்? அண்ணை, ஒலிவாங்கி உங்களுக்கு. இந்தமுறையாவது எழும்பி வாருங்கள்.